பின்னோக்கி ஓடும் சைக்கிள் விஷயமாக மச்சானுக்கு எழுதியது

மர்பி டவுன்,
பெங்களூர் கண்டோன்மென்ட்,
1937 ஆகஸ்டு, புதன்கிழமை.

கோலார் தங்கவயலில் மெஷின் ஷாப் போர்மேனாக விளங்கும், மேன்மையும் பொறுமையும் பொருந்திய என் அருமை மச்சான் நோயல் அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் தங்கை ஜோசஃபினின் புருஷன் சிரில் அநேக தோத்திரங்களுடன் எழுதிக்கொள்வது. சர்வேசுரனுடைய கிருபையினாலும் தேவமாதாவின் வேண்டுதலினாலும் இவ்விடம் சகலரும் சுகம். அவ்விடம் தங்கள் சுகமும், அக்காவின் மூட்டுவலியின் நிலவரமும், குழந்தைகளின் படிப்பும் அறிய ஆவலாக இருக்கிறோம். சுகம் என்று மேலே எழுதியது வழக்கத்தை ஒட்டிக் கை தானாக எழுதியது. மசி காய்ந்துவிட்டது, அடித்தால் காகிதம் அசிங்கமாகும் என்று விட்டுவிட்டேன். உண்மையில் இங்கே யாரும் சுகமில்லை, நான் முக்கியமாகச் சுகமில்லை.

போன கிறிஸ்துமசுக்குத் தாங்கள் பெரிய மனசு பண்ணி, என் மகள், உங்கள் மருமகள் அல்போன்சா பள்ளிக்கூடத்துக்கு நடந்து நடந்து கால் தேய்கிறாளே என்று ஒரு லேடீஸ் சைக்கிள் ரயிலில் அனுப்பினீர்கள். டிரில் டீச்சர் வேலை பார்க்கிற பெண், காலையில் பிள்ளைகளுக்குக் கை தூக்கச் சொல்லி, கால் தூக்கச் சொல்லி, அப்புறம் வீட்டுக்கு வேறு நடக்க வேண்டுமா என்று நீங்கள் கேட்டது நியாயம். நானும் அன்றைக்கு ஸ்டேஷனில் அதைப் பார்த்து சந்தோஷப்பட்டேன். கறுப்பு வர்ணம், மட்கார்டில் பொன் கோடு, சேலை மாட்டாமல் இருக்க பின்சக்கரத்துக்கு நூல் வலை, மணி அடித்தால் கோயில் மணி மாதிரி சத்தம். பங்குச் சாமியாரைக் கொண்டு மந்திரித்துத் தண்ணீர் தெளித்துத்தான் வீட்டுக்குள்ளே ஏற்றினேன். இப்போது அந்த சைக்கிளைத் தாங்கள் பார்த்தால் அடையாளம் தெரியாது. பெற்ற தகப்பன் எனக்கே என் பெண்ணை அடையாளம் தெரியவில்லை, சைக்கிள் எம்மாத்திரம்.

விஷயம் எங்கே ஆரம்பித்தது என்றால், மார்ச் மாதம் மைதானத்தில் ஒரு சர்க்கஸ் வந்து கூடாரம் போட்டது. டீச்சர்கள் எல்லாம் சேர்ந்து போனார்கள், இவளும் போனாள். யானை பார்க்கத்தான் போகிறாள் என்று நினைத்து அனுப்பினேன். அங்கே ஒரு பெண்பிள்ளை சைக்கிள் சீட்டின் மேலே ஏறி நின்று, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, பின்பக்கமாகவே சுற்றிச் சுற்றி ஓட்டினாளாம். வீட்டுக்கு வந்து இவள் சாப்பிடவில்லை. காய்ச்சலோ என்று ஜோசஃபின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை, யோசனை.

அப்புறம் சைக்கிளில் இருந்து சாமான்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போக ஆரம்பித்தன. முதலில் மணி போச்சு. பிறகு முன் மட்கார்டு, பின் மட்கார்டு, செயின் மூடி, கேரியர், ஸ்டாண்டு என்று வரிசையாகப் போச்சு. எனக்கு ராத்திரி தூக்கம் இல்லை. மிலிட்டரி துணிக் கிடங்கில் இத்தனை வருஷம் குமாஸ்தா உத்தியோகம் பார்த்தவன் வீட்டிலேயே சாமான் திருட்டுப் போனால் துரைமார் என்ன நினைப்பார்கள் என்று போலீஸ் ஸ்டேஷனுக்கே போய்ச் சொன்னேன். அங்கே இருந்த தபேதார் நல்ல மனுஷர், எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சைக்கிள் இருக்கிறதா என்று கன்னடத்தில் கேட்டார். இருக்கிறது என்றேன். சைக்கிளை விட்டுவிட்டு மட்கார்டை மட்டும் கழற்றிக்கொண்டு போகிற கள்ளனை என் சர்வீசில் பார்த்ததில்லை ஸ்வாமி, முதலில் வீட்டில் விசாரியுங்கள் என்றார். கோபத்தோடு வீட்டுக்கு வந்து, பூட்ஸ் தேடிக் கட்டிலுக்கு அடியில் கையை விட்டால், சாக்கில் சுற்றி எல்லாம் பத்திரமாக இருக்கிறது. ஏன்டீ இது என்று அல்போன்சாவைக் கேட்டேன். வேண்டாத கனம்ப்பா என்றாள். அந்த மட்கார்டில் பொன் கோடு போட்டவன் காதில் இது விழ வேண்டும்.

இதற்குள்ளே சைக்கிளின் உள்ளேயும் மாற்றம் நடந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியாது. தெரியாததால் ஒருநாள் ஆபீசுக்கு நேரமாகிவிட்டதே என்று, அவள் லீவில் இருந்த தைரியத்தில், அந்த சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஹேண்டில்பார் மாட்டுக் கொம்பு மாதிரி மேலே பார்த்துக்கொண்டு இருந்தது, சீட்டு பள்ளத்தில் பின்னாலே கிடந்தது, சரி ஏதோ புது ஃபேஷன் என்று ஏறி உட்கார்ந்துவிட்டேன். அல்சூர் ஏரிப் பக்கம் இறக்கம் தங்களுக்குத் தெரியும். இறக்கத்தில் யாராவது பெடல் போடுவார்களா மச்சான்? காலை நிறுத்தினேன். பெடல் நிற்கவில்லை. அது பாட்டுக்குச் சுற்றுகிறது, என் காலையும் சேர்த்துச் சுற்றுகிறது. அவள் ஃப்ரீவீலைக் கழற்றிவிட்டு, சக்கரமும் பெடலும் எப்போதும் சேர்ந்தே சுற்றுகிற மாதிரி வேறு பல்சக்கரம் போட்டு வைத்திருக்கிறாள். அப்படி இருந்தால்தான் பின்னாலேயும் ஓட்டலாமாம். நமக்குத் தெரிந்த சைக்கிளை மனுஷன் மிதிப்பான். இது மனுஷனை மிதிக்கிறது. பிரேக்கைத் தேடினால் பிரேக்கும் வேண்டாத கனமாகிக் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. அந்த நேரம் பார்த்து ஏரிக்கரையில் ஒரு பட்டாளம் பாண்டு வாத்தியத்தோடு அணிவகுத்துப் போய்க்கொண்டிருந்தது. நான் பெரிய டிரம் அடிக்கிறவனுக்கும் ஊதுகிறவர்களுக்கும் நடுவில் நுழைந்து, அவர்களோடு கொஞ்ச தூரம் ஒழுங்காகவே போனேன். எதிரே குதிரை மேல் எங்கள் கிடங்குத் துரை. என்ன செய்வது, சலாம் வைத்தேன். ஒரு கையை எடுத்ததும் சைக்கிள் தன் இஷ்டத்துக்கு இடது பக்கம் திரும்பி, வண்ணான் துவைத்துக் காயப் போட்டிருந்த ராணுவப் படுக்கை விரிப்புகளுக்குள்ளே என்னைக் கொண்டுபோய் வைத்தது. அவை எங்கள் கிடங்கு விரிப்புகளே. துரை இறங்கி வந்து, மிஸ்டர் சிரில், சரக்கு சோதனையா என்று கேட்டார். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல.

அன்றைக்கே அந்த சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அல்சூர் பஜாரில் சைக்கிள் கடை வைத்திருக்கிற நாணுவிடம் போனேன். மலையாளத்துக்காரன், வாய் கொஞ்சம் ஜாஸ்தி. அவனை நாலு வார்த்தை கேட்கலாம் என்று போனால், அவன் எனக்கு முன்னாலே அழ ஆரம்பித்தான். ஸாரே, நல்ல சைக்கிளைக் கெடுத்த பாவம் எனக்கு வேண்டாம், உங்க மோள்கிட்ட நான் எத்தனையோ சொல்லிப் பார்த்தேன் என்றான். முன்சக்கரத்தைப் பிடிக்கிற ஃபோர்க் கம்பி எல்லா சைக்கிளிலும் கீழே கொஞ்சம் முன்னால் வளைந்திருக்குமே, அதை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி நேராக நிமிர்த்தச் சொன்னாளாம். எதற்கு என்று கேட்டானாம். வளைந்த ஃபோர்க் நேராக ஓடப் பார்க்கும், நேரான ஃபோர்க் வளைந்து ஓடும், எனக்கு வளைந்து ஓடுவதுதான் வேண்டும் என்று கரியால் தரையில் படம் போட்டுக் காட்டினாளாம். இது போதாதென்று முன்னாலே இருந்த பெரிய பல்சக்கரத்தை எடுத்துவிட்டுப் பின்னாலே இருப்பது அளவுக்குச் சின்னதாகப் போட வைத்து, பெடல் ஒரு சுற்று சுற்றினால் சக்கரமும் ஒரே சுற்று என்று ஆக்கிவிட்டாள். பின்சக்கரத்து அச்சில் இரண்டு பக்கமும் கால் வைத்து நிற்கக் குழாய்த் துண்டு. வாடிக்கைக்காரர்கள் பார்த்தால் நான் பைத்தியம் என்று கடைக்கே வர மாட்டார்கள் ஸாரே என்று நாணு மூக்கைச் சிந்தினான். கடைசியில் நான்தான் அவனுக்குச் சமாதானம் சொல்லிவிட்டு வந்தேன்.

தங்கள் தங்கையாவது கண்டிப்பாள் என்று பார்த்தேன். அவள் என் பழைய காக்கிக் கால்சட்டையைப் பிரித்து மகளுக்கு அகலப் பாவாடை மாதிரி ஒரு நிஜார் தைத்துக்கொண்டிருந்தாள். அதை ஏன் தைக்கிறாய் என்றால், சேலையோடு தலைகீழாக நின்றால் மானம் போகாதா என்கிறாள். தலைகீழாக நிற்பதே மானம் போகிற வேலை என்று இவளுக்கு யார் சொல்வது. சரி, அவள் வேலை பார்க்கிற கான்வென்ட் பள்ளிக்கூடத்து மதர் சுப்பீரியரிடம் போய் முறையிட்டேன். மதர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே எல்லாம் கேட்டார். பத்துக் கட்டளையில் சைக்கிளைப் பின்னால் ஓட்டாதே என்று இருக்கிறதா மிஸ்டர் சிரில் என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் வருகிற சனிக்கிழமை பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் அல்போன்சா டீச்சர் ஓட்டிக் காட்டட்டும், நோட்டீஸ் அச்சுக்குக் கொடுத்தாயிற்று என்றார். முறையிடப் போன இடத்தில் நோட்டீஸ் கட்டை என் கையில் கொடுத்து விநியோகம் செய்யச் சொல்லிவிட்டார்கள்.

மச்சான், சிரிக்க வேண்டாம். ஒருநாள் சாயந்தரம் அவளுக்குத் தெரியாமல் பள்ளிக்கூட மைதானத்து மதிலுக்கு வெளியே நின்று பார்த்தேன். நடுவில் ஒற்றையாக ஓட்டிக்கொண்டிருந்தாள். முன்சக்கரத்தைத் தூக்கிப் பின்சக்கரத்தின் மேலேயே நிற்கப் பார்க்கிறாள். நிற்கிற மாதிரி இருக்கிறது, உடனே தடால் என்று விழுகிறாள். எழுந்திருக்கிறாள், மறுபடியும் விழுகிறாள். முழங்கையில் ரத்தம் வழிகிறது. அதைத் துடைக்கக்கூட இல்லை. சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, ஸ்பானரை எடுத்து, சீட்டை நூல் அளவு பின்னால் தள்ளி, திருகி, மறுபடியும் ஏறினாள். எனக்கு ஒரே பெண். அவள் சின்னதில் படியில் இருந்து விழுந்தபோது நான் அந்தப் படியையே இடித்துப் போட்டவன். கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தேன், கூப்பிட்டால் பயந்து விழுவாளே என்று வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். ராத்திரி சாப்பிடும்போது, எதுக்கும்மா இது என்று மட்டும் கேட்டேன். அவள், "முன்னாலயும் சாயாம பின்னாலயும் சாயாம நிக்குற ஒரு இடம் இருக்குப்பா. அது எனக்கு மட்டும்தான் தெரியுது. அங்க போயிட்டா என்னை யாரும் கூப்பிட முடியாது" என்றாள். எனக்கு இது பாதிதான் புரிந்தது. புரிந்த பாதிக்கே பயம் ஜாஸ்தியாகிவிட்டது.

இனிமேல்தான் நிஜமான ஆபத்து. ஃப்ரேசர் டவுனில் துரைசானிமார்களுக்கு கவுன் தைத்துக் கொடுக்கிற பியாட்ரிஸ் அம்மாள் என்று ஒரு விதவை. நல்ல குடும்பம், ஞாயிறு தவறாமல் முதல் பெஞ்சில் உட்காருகிறவர்கள். அவர்கள் மகன் டென்சில், கண்டோன்மென்ட் ஸ்டேஷனில் பார்சல் குமாஸ்தா, சாதுவான பிள்ளை. போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பெண் பார்க்க வந்தார்கள். சைக்கிளைக் கோழிக்கூண்டுக்குப் பின்னாலே வைத்துப் பாய் போட்டு மூடினேன். பெண் ஆர்மோனியம் வாசிப்பாள், லேஸ் பின்னுவாள் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்த அம்மாள் காப்பியைக் கீழே வைத்துவிட்டு, ஏரிக்கரையில் ஒரு பெண் சைக்கிளைப் பின்பக்கமாக ஓட்டிக்கொண்டு போனதாமே, மர்பி டவுன் பெண் என்று சொல்கிறார்களே, அது யார் பெண் என்று கேட்டாள். அது யாரோ கவுன் போட்ட சட்டைக்காரப் பெண்ணாக இருக்கும் என்று நான் சொன்னேன். சொல்லி முடிக்கவில்லை, அல்போன்சா பிஸ்கோத்துத் தட்டோடு உள்ளே இருந்து வந்து, "நான்தான் ஆன்ட்டி அது" என்றாள். ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னாள். பியாட்ரிஸ் அம்மாள், சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்துவிட்டாள். டென்சில் பிஸ்கோத்தைக் கையில் வைத்துக்கொண்டு தரையையே பார்த்தபடி பின்னாலே போனான்.

அதோடு முடிந்தது, ஒரு அவமானத்தோடு போயிற்று என்று நான் மனசைத் தேற்றிக்கொண்டேன். திங்கட்கிழமை சாயந்தரம் டென்சில் தனியாக வந்து வாசலில் நிற்கிறான். அம்மாவுக்குத் தெரியாது அங்கிள், அந்த சைக்கிளை ஒரு தடவை பார்க்கலாமா என்றான். பாருங்கள் தம்பி, நல்ல சாமானை என்ன பாடு படுத்தியிருக்கிறாள் என்று நீங்களே ஏறிப் பாருங்கள் என்று பாயை விலக்கிக் கொடுத்தேன். அவன் ஏறினால்தான் நான் படும் கஷ்டம் நாலு பேருக்குத் தெரியும் என்று நினைத்தேன். ஏறினான். நேர் ஃபோர்க்கு அல்லவா, கொஞ்சம் திருப்பினான், முழுசாகத் திரும்பிவிட்டது. பெடலை நிறுத்தப் பார்த்தான், அது அவனைத் தூக்கி எதிர்வீட்டுக் கரி மூட்டைகள் மேலே போட்டது. தோளில் காறை எலும்பு விலகிவிட்டது. சத்தம் கேட்டு அல்போன்சா ஓடி வந்து, டிரில் டீச்சருக்கு முதலுதவி தெரியுமே, என் பூசைக்குப் போகிற வெள்ளை அங்கவஸ்திரத்தைக் கிழித்துக் கையைக் கழுத்தோடு தூக்கிக் கட்டினாள். முகமெல்லாம் கரி, வலியில் பிள்ளைக்குக் கண்ணில் தண்ணீர். அந்த நிலையில் அவன் அவளைப் பார்த்து முதல் முதலாகப் பேசின பேச்சு என்ன தெரியுமா? "சீட்டைக் கொஞ்சம் முன்னால தள்ளினா எனக்குச் சரியா வருமா?" இவள் அவன் காலை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உங்க கால் நீளம். உயர்த்தணும், தள்ளக் கூடாது" என்றாள். மச்சான், நானும் தங்கள் தங்கையும் கல்யாணத்துக்கு அப்புறம் ஒரு மாதம் பேசிக்கொள்ளவே இல்லை. இவர்கள் எலும்பு விலகின இடத்தில் ஸ்பானர் பேச்சுப் பேசுகிறார்கள்.

மறுநாள் பியாட்ரிஸ் அம்மாள் வந்தாள். தமிழில் ஆரம்பித்து, இங்கிலீஷுக்குப் போய், கடைசியில் துலுக்கர் பாஷையில் முடித்தாள். என் பிள்ளை ஆஸ்பத்திரியில் கஞ்சி குடிக்கமாட்டேன் என்கிறான், அந்தப் பெண்ணைத்தான் கட்டுவேன் என்கிறான், எனக்கு இருப்பது ஒரு பிள்ளை, சம்மதிக்கிறேன், ஆனால் அந்த சைக்கிள் சனிக்கிழமைக்கு முன்னால் இந்த வீட்டை விட்டுப் போக வேண்டும், மைதானத்தில் அவள் ஏறினாள் என்று கேள்விப்பட்டால் சம்பந்தம் அன்றோடு சரி என்றாள். அல்போன்சாவைக் கேட்டேன். மதருக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன், சனிக்கிழமை ஏறத்தான் ஏறுவேன் என்கிறாள். ஜோசஃபின் நிஜாருக்குப் பொத்தான் தைக்கிறாள். மகள் ஏறினால் கல்யாணம் நிற்கும், அல்லது கழுத்து முறியும், இரண்டும் நடக்கவும் கூடும்.

ஆகவே மச்சான், தங்கள் காலில் விழுந்து கேட்கிறேன். இந்தக் கடிதம் கண்ட உடனே லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வெள்ளிக்கிழமை ரயிலில் ஜல்தியாகப் புறப்பட்டு வரவும். நான் பிடுங்கினால் கொடுக்கமாட்டாள். கொடுத்தவர் தாங்கள், தாங்கள் கேட்டால் தட்டமாட்டாள். ஏதாவது சாக்குச் சொல்லி சைக்கிளைக் கோலாருக்கே கொண்டுபோய், சுரங்கத்துக்குள்ளே ஆழமான இடமாகப் பார்த்து இறக்கிவிடுங்கள். அங்கே போய் அது எந்தப் பக்கமாக ஓடினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

அக்காவுக்கு எங்கள் தோத்திரம். குழந்தைகளுக்கு எங்கள் முத்தமும் ஆசீரும். மோட்சத்துச் சம்மனசுகள் தங்கள் வாசலைக் காவல் காக்கவும், தங்கள் கூரையின் கீழ் யாரும் எதன் மேலும் ஏறாமல் இருக்கவும் அனுதினமும் வேண்டிக்கொள்ளும்,

தங்கள் பாவப்பட்ட மைத்துனன்,
சிரில்.

பி.கு. சனிக்கிழமை சாயந்தரம். இந்தக் கடிதத்தைத் தபாலில் போட மறந்து கோட்டுப் பையிலேயே வைத்திருந்திருக்கிறேன். தாங்கள் ஏன் வரவில்லை என்று நேற்று ஸ்டேஷனில் நின்று தங்களைத் திட்டினதற்கு மன்னிக்கவும். இன்றைக்கு விழா நடந்தது. அவள் ஏறினாள். பின்னால் ஓட்டினாள், கைவிட்டு ஓட்டினாள், பின்சக்கரத்தின் மேல் நின்றாள், நான் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டு ஜெபமாலை உருட்டினேன், சனங்கள் மூச்சு விடாததை வைத்துத் தெரிந்துகொண்டேன். கடைசியில் ஹேண்டில்பார் மேல் ஒருவரை உட்கார வைத்துச் சுற்றுகிற வித்தை. உட்கார வேண்டிய தையல் டீச்சர் கூட்டத்தைப் பார்த்து பயந்து சேப்பல் கோயிலுக்குள் ஓடிவிட்டாள். சைக்கிளோ அந்த ஒல்லி டீச்சரின் கனத்துக்கு என்றே சீர்பண்ணி வைத்திருக்கிறதாம், கனமான ஆள் உட்கார்ந்தால் கவிழுமாம். அல்போன்சா மைதானத்தில் நின்று கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். அத்தனை பேரில் அந்த மாதிரி எலும்பும் தோலுமாக இருந்தது நான் ஒருவன்தான். வேண்டாம் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் தங்கள் தங்கை என் குடையையும் தொப்பியையும் வாங்கிக்கொண்டாள்.

போகிற பக்கத்துக்கு முதுகைக் காட்டி, மகள் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். "அப்பா, பூமியைப் பார்க்காதீங்க. என் முகத்தைப் பாருங்க" என்றாள். பார்த்தேன். இத்தனை வருஷத்தில் அவ்வளவு கிட்டத்தில் அவ்வளவு நேரம் நான் அவள் முகத்தைப் பார்த்ததில்லை மச்சான். அவளுக்குக் கொஞ்சம்கூடப் பயம் இல்லை. நான் எந்தப் பக்கம் சாய்கிறேன் என்பது அவள் தோளில் தெரிந்திருக்கும், அதற்குத் தகுந்த மாதிரி அவள் சாய்ந்து சாய்ந்து சரிபண்ணிக்கொண்டே வந்தாள். மதர் எழுந்து நின்று கைதட்டினார். டென்சில் ஆஸ்பத்திரியில் சொல்லாமல் வந்து ஒற்றைக் கையால் தொடையைத் தட்டினான். அவனைத் தேடிக்கொண்டு வந்த பியாட்ரிஸ் அம்மாள், ஓட்டுகிறது என் மருமகள் என்று நாலு பெஞ்சுக்குக் கேட்கும்படி இங்கிலீஷில் சொன்னதாக ஜோசஃபின் சொல்கிறாள். நிச்சயதார்த்தம் அக்டோபரில்.

ஆகையால் மேலே எழுதினதை எல்லாம் தாங்கள் படிக்காததாக வைத்துக்கொள்ளவும். சைக்கிளைக் கேட்க வேண்டாம். இறங்கின பிறகு எனக்குக் கால் தரையில் பாவவில்லை. இன்னொரு சுற்றுப் போகலாமா என்று நான் கேட்டதாக இங்கே எல்லாரும் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். நம்ப வேண்டாம். அப்படிக் கேட்டிருந்தாலும் பயத்தில் கேட்டிருப்பேன்.